ஆவடி ஊசியும் அமெரிக்க ஆர்மடில்லோவும்

1991 ஜனவரியில் தமிழ்நாட்டில் ஒரு பெரிய தொழுநோய்த் தடுப்பூசிச் சோதனை தொடங்கியது. நடத்தியது ஐசிஎம்ஆர்-இன் ஆவடி களப் பிரிவு. ஊசி போட்டுக்கொண்டவர்கள் சுமார் 1,71,000 பேர். ஒரு பிரிவினருக்குப் போட்டது பிசிஜி-யோடு கொன்ற தொழுநோய்க் கிருமி சேர்த்த ஊசி. அந்தக் கிருமி வந்தது ஆர்மடில்லோவின் உடலிலிருந்து. நம்ம ஊர்க்காரர் கையில் ஏறிய மருந்துக்கு ஏன் அமெரிக்கக் காட்டு விலங்கு தேவைப்பட்டது?

ஆர்மடில்லோ நம்ம அழுங்கு மாதிரி ஓடு போர்த்திய பிராணி. ஆனால் இரண்டுக்கும் நெருங்கிய உறவு கிடையாது. நார்வேயின் ஹான்சன் 1873-இல் தொழுநோய்க் கிருமியைக் கண்டார். இன்றுவரை அதை ஆய்வகத் தட்டில் வளர்க்க முடியவில்லை. 1960-இல் ஷெப்பர்ட் எலியின் பாதத்தில் வளர்த்தார். அதில் கிடைத்தது கொஞ்சம்தான், தடுப்பூசிக்குப் போதாது.

இங்கேதான் எலினோர் ஸ்டார்ஸ் வருகிறார். உயிர்வேதியியலாளரான அவர் முதலில் ஆர்மடில்லோவை எடுத்தது தொழுநோய்க்காக இல்லை, அதன் பிரசவத்துக்காக. ஒன்பது பட்டை ஆர்மடில்லோ ஒவ்வொரு ஈற்றிலும் நாலு குட்டி போடும். நாலும் ஒரே கருமுட்டையிலிருந்து பிரிந்தவை, நாலுக்கும் ஒரே மரபணு. 1968-இல் ஸ்டார்ஸும் ரோஜர் வில்லியம்ஸும் வெளியிட்ட ஆய்வு, அப்படியிருந்தும் நாலு குட்டிக்கும் உறுப்பு எடை, ரசாயன அளவு வேறுபடுவதைக் காட்டியது. பனியன் கம்பெனியில் ஒரே லாட் துணி, ஒரே பேட்டர்ன், ஆனா பீஸுக்குப் பீஸ் அளவு மாறும்னு சொல்வோமே, அப்படி.

உடல் வெப்பம் குறைவான பிராணி, நிறைய நாள் உயிரோடு இருக்கும். குளிர்ந்த இடத்தை விரும்பும் தொழுநோய்க் கிருமிக்கு இது தோதான வீடு. 1971-இல் கிர்க்ஹைமரும் ஸ்டார்ஸும் கிருமி இதன் உடலில் ஏராளமாகப் பெருகுவதை அறிவித்தார்கள். கல்லீரலிலும் மண்ணீரலிலும் கிராமுக்குக் கோடிக்கணக்கில்! தடுப்பூசிக்குக் கச்சாப்பொருள் கிடைத்துவிட்டது.

ஆனா இதைக் கோழிப்பண்ணை மாதிரி வளர்த்துப் பெருக்க முடியவில்லை. காரணம் அதன் சினைப்பையும் கருப்பையும். கோடையில் இணை சேரும். வழக்கமாக ஒரே ஒரு முட்டை வெளியாகும். உருவான கரு மூணு நாலு மாசம் கருப்பையில் ஒட்டாமல் மிதக்கும். குளிர்காலத் தொடக்கத்தில் ஒட்டும், பிறகு நாலாகப் பிரியும், வசந்தத்தில் பிரசவம். 1956-இல் புக்கானன், எண்டர்ஸ், டால்மேஜ் மூவரும் கரு மிதக்கும் காலத்தில் சினைப்பைகளை வெட்டி எடுத்துப் பார்த்தார்கள். பல விலங்குகளில் அப்படிச் செய்தால் கரு ஒட்டாது. இங்கே ஒட்டியது! காத்திருப்பைப் பிடித்துவைத்திருந்ததே சினைப்பைதானோ என்று சந்தேகப்பட இடமிருந்தது.

கூண்டில் கதை இன்னும் விசித்திரம். அடைத்துவைத்தால் புதிதாகச் சினை பிடிப்பது அபூர்வம். ஆனால் தனியாக வைத்த பெண் ஆர்மடில்லோ பிடித்து ஒரு வருஷத்துக்கும் மேல் கழித்துக் குட்டி போட்டதை 1988-இல் ஸ்டார்ஸ் குழு பதிவு செய்தது. கரு அவ்வளவு காலம் தள்ளிப்போயிருக்கிறது. ஆக, ஆய்வகம் காட்டில் பிடித்த விலங்கையே நம்பவேண்டும். அதிலும் சிக்கல்: 1975-இல் லூசியானாவின் காட்டு ஆர்மடில்லோக்களிலேயே தொழுநோய் இருப்பது தெரியவந்தது.

1998-இல் ஆவடி முடிவுகள் வந்தன. பிசிஜி மட்டும் 34.1% பாதுகாப்பு, ஆர்மடில்லோ கிருமி சேர்த்தது 64%. தட்டில் வளரும் கிருமிகளில் செய்த இந்தியத் தயாரிப்புகளில் மும்பையின் ஐசிஆர்சி 65.5%, டெல்லியில் தல்வார் உருவாக்கிய எம்.டபிள்யூ 25.7%. வெனிசுலாவிலும் மலாவியிலும் கொன்ற கிருமியைச் சேர்த்ததால் கூடுதல் பலன் தெரியவில்லை என்பதையும் சொல்லவேண்டும்.

என் கணக்கு இது: ஐசிஆர்சி-யும் ஆர்மடில்லோ ஊசியும் ஏறக்குறைய சமம். ஆனால் ஒன்றுக்குக் குடுவை போதும், மற்றதுக்கு ஒவ்வொரு தொகுதிக்கும் காட்டு விலங்கு சாகவேண்டும். எந்தப் பிரசவ விசித்திரம் ஸ்டார்ஸை அந்தப் பிராணியிடம் கொண்டுபோனதோ, அதே உடலமைப்புதான் அந்த ஊசியை ஊருக்கெல்லாம் போடும் அளவுக்குப் பெருக்கவிடாமல் தடுத்தது. அந்த 64% எண்ணைப் படிக்கும்போது இதையும் சேர்த்துப் படிங்க.