தகடு யாருடையது?

நெய்வேலியைச் சுற்றியுள்ள மண் போரை நிறையக் கண்ட மண். நிலக்கரியின் புகழில் அது மறந்துபோயிற்று. 1690-ல் கிழக்கிந்தியக் கம்பெனி தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராட்டியரிடம் விலைக்கு வாங்கியது. கோட்டையிலிருந்து சுட்டால் பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் வரையுள்ள ஊர்களும் சேர்ந்தே கைமாறின. கடலூரில் குண்டு உப்பலவாடி, குண்டு சாலை என்று அந்தப் பேரம் இன்றும் முகவரியாக நிலைத்திருக்கிறது. செயின்ட் டேவிட் என்று பெயர் பெற்ற அந்தக் கோட்டையை 1758-ல் லாலியின் பிரெஞ்சுப் படை பிடித்து இடித்தது. 1781 ஜூலை 1 அன்று பரங்கிப்பேட்டையில் ஐதர் அலியின் படையும் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டின் படையும் மோதின. 1783 ஜூனில் கடலூருக்கு வெளியே ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் பொருதினர். கூட்டின் படையில் பெரும்பாலோர் இந்தியச் சிப்பாய்கள். அவர்களில் விழுந்தவர்களின் பெயர்களைப் பொறித்த கல் எதுவும் எனக்குத் தெரிந்து அந்த வயல்களில் இல்லை. அவர்களில் ஒருவனுடைய பித்தளைப் பொத்தானோ ஈயக்குண்டோ இன்று ஒருவரின் மெட்டல் டிடெக்டரில் ஒலியெழுப்பினால், எடுத்தவர் அதை வீட்டுக்குக் கொண்டுபோகலாமா என்பது சின்னக் கேள்விதான். அந்தப் பொத்தானுக்காக இன்று யாரும் காத்திருக்கவில்லை. எங்கே, எந்த ஆழத்தில் கிடந்தது என்ற குறிப்போடு அருங்காட்சியகத்துக்குப் போனால் போதும்.

கேள்வி பெரிதாவது பெயரோ எண்ணோ பொறித்த பொருள் அகப்படும்போது. நம் சட்டம் இந்த வேறுபாட்டைப் பார்ப்பதில்லை. 1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம் மண்ணில் மறைந்து கிடந்த பொருளின் மதிப்பைக் கேட்கிறது: பத்து ரூபாய்க்கு மேல் என்றால் கலெக்டருக்குச் சொல்லியாக வேண்டும். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் வயதைக் கேட்கிறது: பொதுவாக நூறு ஆண்டு நிறைந்திருக்க வேண்டும். ஆக, விலையும் வயதும்தான் அளவுகோல். ஒரு படைவீரனின் அடையாளத் தகட்டுக்குப் பழைய இரும்புக் கடையில் விலையே கிடையாது. இரண்டாம் உலகப் போரில் இறந்தவனுடையது என்றால் அதற்கு இன்னும் நூறு வயது ஆகவில்லை. இரண்டு அளவுகோலுக்கும் அது தப்பிவிடுகிறது. வயது என்ற அளவுகோல் இங்கே தலைகீழாக வேலை செய்கிறது என்பதுதான் விந்தை. பொருள் பழையதாக ஆக ஆகச் சட்டத்தின் அக்கறை கூடுகிறது. தேடுகிற உறவினர்களோ குறைந்துகொண்டே போகிறார்கள். தேடுபவர் இருக்கும் வரை பொருள் தேடுபவருக்கே உரியது, எடுத்தவர் வெறும் காவலர் என்பதே சரியான அளவுகோல்.

இது உணர்ச்சிவசப்பட்ட பேச்சு என்று தோன்றலாம், ஆனால் சான்று இருக்கிறது. முதல் உலகப் போரில் பிரான்சில் இறந்த இரண்டு இந்தியச் சிப்பாய்களின் எலும்புகள் 2016-ல் ரிஷ்பூர் என்ற ஊருக்கு அருகே கிடைத்தன. உடன் கிடந்த தோள்சின்னத்தில் ‘39’ என்ற எண் இருந்ததால் அவர்கள் 39-ஆம் கடுவால் ரைபிள்ஸ் படையினர் என்று தெரிந்தது. 2017 நவம்பரில், அதே படைப்பிரிவிலிருந்து வந்தவர்கள் முன்னிலையில், லவாந்தி இராணுவக் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார்கள். அந்தச் சின்னத்தை எவரோ ஒரு சேகரிப்பாளர் முன்பே கிள்ளி எடுத்துப் போயிருந்தால், அந்த எலும்புகள் எந்த நாட்டவருடையவை என்பதே தெரியாமல் போயிருக்கும். ஜெர்மன் படையினரின் தகடு இரண்டாக உடைக்கும்படி செய்யப்பட்டது. வீரன் இறந்தால் ஒரு பாதி உடலோடு மண்ணுக்குப் போகும், மறுபாதி அலுவலகத்துக்குப் போகும். கிழக்கு ஐரோப்பிய வயல்களில் இரவில் தோண்டுபவர்கள் தேடும் பொருள்களில் இந்தத் தகடும் ஒன்று, ஏனென்றால் அதற்குச் சந்தை உண்டு. தகடு போன எலும்புக்குப் பெயர் இல்லை. நெய்வேலி நிலக்கரிச் சுரங்கத்துப் பக்கெட் வீல் இயந்திரம் மேல்மண்ணை அள்ளிக் கொட்டும்போது எது எதன் பக்கத்தில் கிடந்தது என்பது அழிந்துவிடுகிறது அல்லவா. தனியொருவரின் மண்வெட்டியும் சிறிய அளவில் அதைத்தான் செய்கிறது. சுரங்கத்திலாவது அதற்கு வழி உண்டு: ஜெர்மனியின் ரைன்லாந்துப் பழுப்பு நிலக்கரி வயல்களில் இயந்திரத்துக்கு முன்னால் தொல்லியலாளர்கள் போகிறார்கள்.

தமிழர்களுக்கு இந்தக் கேள்வி பிரான்சில் இல்லை, இலங்கையின் வன்னியில் இருக்கிறது. 2023 ஜூன் இறுதியில் முல்லைத்தீவு மாவட்டம் கொக்குத்தொடுவாயில் குடிநீர்க் குழாய் பதிக்கத் தோண்டியபோது எலும்புகளும் விடுதலைப் புலிகள் இயக்கப் பெண் போராளிகளின் சீருடைத் துணிகளும் வெளிப்பட்டன. நீதிமன்ற மேற்பார்வையில் கட்டம் கட்டமாக அகழ்ந்தார்கள். 2024 ஜூலைக்குள் 52 பேரின் எச்சங்கள் எடுக்கப்பட்டன. கூடவே துப்பாக்கி ரவைகளும் இலக்கத் தகடுகளும் கிடைத்தன. அகழ்வை நடத்திய பேராசிரியர் ராஜ் சோமதேவ, புதைகுழி 1994-க்கும் 1996-க்கும் இடைப்பட்டது என்று கணித்தார். அந்தக் கணிப்பு உடல்களோடு கிடந்த பொருள்களையே பெரிதும் சார்ந்தது. இலங்கையின் தொல்பொருள் சட்டமோ 1815-க்கு முற்பட்டவற்றையே தொல்பொருளாகக் கொள்கிறது. அந்தத் துணியும் தகடும் அதன் கண்ணில் படவே படா. அவை காப்பாற்றப்பட்டது குற்றவியல் நடைமுறையால்தான்.

இதே மண்ணில்தான் இன்னொரு தேடலும் நடக்கிறது. புலிகள் புதைத்த தங்கம் என்ற கதையை நம்பி ஸ்கேனர் கருவிகளோடு வருகிறவர்கள் உண்டு. நீதிமன்ற அனுமதி பெற்று, பொலிஸாரும் அதிகாரிகளும் சூழ, ஜேசிபி வைத்துத் தோண்டி, ஒன்றும் கிடைக்காமல் குழியை மூடிய செய்திகள் முல்லைத்தீவிலிருந்தும் கிளிநொச்சியிலிருந்தும் திரும்பத் திரும்ப வந்தபடி இருக்கின்றன. அனுமதியின்றி இரவில் தோண்டிப் பிடிபட்டவர்களும் உண்டு. தங்கம் தேடுபவரின் கருவிக்கு ஒரு தகடும் வெறும் ஒலிதான். ஏமாற்றத்தில் எறியப்படும் பொருள் அது. அதே கருவியை நாள் முழுக்கப் பிடித்து அங்குலம் அங்குலமாக நகர்கிற கண்ணிவெடி அகற்றும் பணியாளர்கள் வேறு ஒழுங்கில் இயங்குகிறார்கள். ஹலோ ட்ரஸ்ட் போன்ற அமைப்புகளில் இந்த வேலையைச் செய்பவர்களில் வடக்கைச் சேர்ந்த பெண்கள் பலர். எலும்பு தென்பட்டால் வேலையை நிறுத்திவிட்டுத் தகவல் சொல்வது அவர்களுக்குப் பழக்கம்.

எதிர்வாதங்கள் இல்லாமல் இல்லை. எடுக்காவிட்டால் துருப்பிடித்து அழிந்துபோகும், நாங்கள்தான் காப்பாற்றுகிறோம் என்பார்கள் சேகரிப்பாளர்கள். பாதி உண்மை. உழவிலும் கட்டுமானத்திலும் அழிவது ஏராளம்தான். ஆனால் காப்பாற்றுபவர் செய்ய வேண்டிய முதல் வேலை இடத்தைக் குறித்து வைப்பது. சந்தைக்கு வரும் தகடுகளில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு இடமே இருக்காது. ‘பழைய படைமுகாம்’ என்ற வாயளவு வரலாறு விலையை ஏற்றப் பயன்படுமே தவிர, எலும்பைத் தேடப் பயன்படாது.

குடும்பமே விற்றால் என்ன செய்வது என்பது இதைவிடக் கனமான கேள்வி. முதல் உலகப் போரின் வெள்ளிப் பதக்கத்தில் வீரனின் எண், பெயர், படைப்பிரிவு விளிம்பிலேயே பொறித்திருக்கும். அப்படியும் 1980 வாக்கில் வெள்ளி விலை ஏறியபோது உலகெங்கும் ஏராளமானவை உருக்கப்பட்டன. தாத்தாவின் பதக்கத்தை விற்று அரிசி வாங்கிய பேரனைக் குறைசொல்ல எவருக்கும் தகுதி இல்லை. அது அவனுடைய உரிமை. அப்படி விற்கப்பட்டதை வாங்கியவரின் உடைமையும் நேர்மையானதே. உரியவர் தெரிந்தே கைவிட்டதை வாங்குவதும், உரியவருக்கே தெரியாமல் எடுப்பதும் ஒன்றல்ல. மண்ணிலிருந்து எடுக்கப்பட்ட தகட்டில் அந்தச் சம்மதம் இல்லை.

மரியாதையோடு நினைவாகத்தான் வைத்திருக்கிறோம் என்பார்கள் சிலர். மரியாதையை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் போரில் பட்டவனைத் தமிழர் நினைத்த முறை வேறு. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-ல் கிடைத்த தமிழ்-பிராமி நடுகற்கள் தொடங்கி, செங்கம் பக்கத்து நூற்றுக்கணக்கான கற்கள் வரை, வீரனின் நினைவு வெட்டவெளியில் நின்றது. பெயரையும் சம்பவத்தையும் எவரும் படிக்கலாம். வழிபட உறவினருக்கும் ஊருக்கும் வழி உண்டு. அலமாரிக்குள் பூட்டிய நினைவு சேகரிப்பவருடைய நினைவு மட்டுமே. வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் புலிகளின் கல்லறைகளான துயிலும் இல்லங்களைப் புல்டோசர் கொண்டு இடித்து, கோப்பாயில் அந்த இடத்திலேயே படைத் தலைமையகம் கட்டிய அரசின் செயலை நாம் கண்டிக்கிறோம். பெயர்க்கல்லை அகற்றுவது தவறென்றால் பெயர்த்தகட்டை அகற்றுவதும் அந்த வகையைச் சேர்ந்ததே, அளவில் எவ்வளவு சிறிதாக இருந்தாலும்.

கடைசி எதிர்வாதம்தான் எளிதில் தள்ள முடியாதது. இலங்கையில் புலிகளின் பொருளை வைத்திருப்பதே பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ் வழக்காகலாம். அதைத் தாயின் கையில் கொடுப்பது அவருக்கு நன்மையா, தீங்கா? இதனால்தான் திருப்பிக் கொடுப்பது என்றால் பொருளைக் கையில் கொடுப்பது மட்டும் என்று கொள்ளக் கூடாது. தகடு நீதிமன்றப் பொறுப்பில், எலும்போடு சேர்ந்தே இருக்கட்டும். எண் வெளியே வரட்டும். யாழ்ப்பாணம் செம்மணி சிந்துபாத்தி மயானத்துப் புதைகுழியில் எடுத்த உடைகளையும் பொருள்களையும் 2025 ஆகஸ்ட் 5 அன்று நீதிமன்ற உத்தரவின்படி மக்கள் பார்வைக்கு வைத்தார்கள். அடையாளம் காண உறவினர்கள் வந்து பார்த்தார்கள். கொக்குத்தொடுவாய்த் தகடுகளின் எண்களையும் அப்படி வெளியிடலாம், காணாமல் போனோர் அலுவலகம் போன்ற ஓர் அமைப்பு தொடர்பாளராக இருக்கலாம். அந்த அலுவலகத்தின் மீது உறவினர்களுக்கு நம்பிக்கை இல்லை என்பது வேறு சிக்கல், அதை இந்தக் கட்டுரையால் தீர்க்க முடியாது.

புலம்பெயர்ந்த நாட்டில் தன் கழுத்தில் கிடந்த தகட்டை மேசைக்குள் வைத்திருக்கும் முன்னாள் போராளியிடம் இந்த வாதம் எதுவும் செல்லாது. அது அவருடையது. பக்கத்தில் விழுந்த தோழியின் தகட்டைக் கழற்றிக் கொண்டுவந்தவராக இருந்தால் நிலைமை வேறு. தகட்டைவிட அவரிடம் இருக்கும் தகவல் பெரிது: எந்த ஊர், எந்த வரம்பு, எத்தனை பேர் ஒரே குழியில். தகடு அவர் இறந்த பிறகும் பிள்ளைகளிடம் கிடைக்கும், தகவல் கிடைக்காது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இருபது வயதில் இருந்தவர்களுக்கு இப்போது ஐம்பது தாண்டிவிட்டது.