தகரம் வெட்டிப் பழகிய கை

மாசி மகத்துக்கு எங்கள் ஸ்ரீமுஷ்ணம் பூவராகப் பெருமாள் கிள்ளைக் கடற்கரைக்குப் புறப்படுவார். ஜனங்கள் பின்னால் அம்பாசிடரில் போவார்கள். அந்தக் காருக்கு டேஷ்போர்டு தகரம். டேப் ரெக்கார்டர் மாட்ட உளியால் வெட்டி, பிசிறை அரம் போட்டு ராவினால் போதும்.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. டேஷ்போர்டு பிளாஸ்டிக். ஒரு நண்பரின் வண்டியில், தகரம் வெட்டிய பழக்கத்தில் மூலைகளைக் கூராக அறுத்தேன். சில நாளில் மூலையிலிருந்து விரிசல் ஓடிவிட்டது. தகரம் வளைந்து கொடுக்கும். பிளாஸ்டிக்கில் அதிர்வெல்லாம் கூர்மூலையில் போய்ச் சேரும். தப்பு என்னுடையது.

பிறகு கற்றுக்கொண்டேன். பேட்டரி ஒயரைக் கழற்றி, பின்னால் ஒயர் ஓடுகிறதா என்று பார்த்து, கண்ணாடி போட்டுக்கொள்ள வேண்டும். நான்கு மூலையிலும் முதலில் வட்டத் துளை. அப்புறம் பொடிப்பல் ஆக்சா பிளேடால், கோட்டுக்கு உள்பக்கமாக, நிதானமாக அறுத்து, மிச்சத்தை ராவ வேண்டும்.

2019 ஜூலை முதல் புதுக் கார்களில் ஓட்டுநருக்கு ஏர்பேக் கட்டாயம். பிறகு பக்கத்து இருக்கைக்கும் வந்தது. அது டேஷ்போர்டுக்குள்ளேயே மடங்கிக் கிடக்கிறது. அங்கே பிளேடு படவே கூடாது.

போன மாதம் பேரன் காமிரா மாட்டித் தரச் சொன்னான். அறுக்காமல், கண்ணாடியில் ஒட்டிக் கொடுத்தேன்.