அந்திமகாலப் பராமரிப்பு (திருகோணமலை – உப்புவெளி)

இனிக் குணமாகாது என்று தெரிந்துவிட்ட நோயாளியின் வலி, மூச்சுத்திணறல், குமட்டல், பயம், வீட்டாரின் தவிப்பு ஆகியவற்றைத் தணிப்பதே அந்திமகாலப் பராமரிப்பு. இலங்கைச் சுகாதாரத் துறையில் நோய்த்தணிப்புப் பராமரிப்பு என்றும் வழங்கும். நோயாளியிடம் உண்மையைச் சொல்வதா, எதுவரை சிகிச்சை கொடுப்பது, யார் முடிவெடுப்பது என்ற மருத்துவ அறக் கேள்விகளும் இதனுள் அடங்கும்.

உப்புவெளி, திருகோணமலை நகரின் வடக்கே நிலாவெளி வீதியில், பொதுநலவாயப் போர் மயானத்தை ஒட்டிக் கிடக்கும் கடற்கரைப் பகுதி. பெரிய நோய் என்றால் இங்குள்ளவர்கள் போவது நகரத்துப் பொது வைத்தியசாலைக்கு. அதற்கு மேல் என்றால் கொழும்புக்கு. ஆகவே இதன் வரலாற்றைத் திருகோணமலை மாவட்டத்தோடும் நாட்டோடும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

தொன்மமும் பழைய பதிவும்

கோணேசர் மலையில் இராவணன் வெட்டு என்று காட்டப்படும் பிளவு, நோயுற்ற தாய் இருந்த இடத்தில் இருந்தே வழிபடட்டும் என்று இராவணன் மலையைப் பெயர்க்க முயன்றபோது உண்டானது என்பது ஊர்க்கதை. தாய்க்குக் கிரியை செய்ய அவன் உண்டாக்கியவையே கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகள் என்பர். இறந்தவர்களுக்கான கிரியைகளைக் கன்னியாவில் செய்வது இன்றும் வழக்கம். வரலாறாக இந்தக் கதைகளுக்கு மதிப்பில்லை. ஆனால் நோயாளியைக் கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போகாமல் கோயிலை நோயாளியிடம் கொண்டுவர நினைத்த மகனின் கதையை ஓர் ஊர் விடாமல் சொல்லிவருவது கவனிக்கத்தக்கது.

எழுத்தில் கிடைக்கும் விரிவான பழைய சான்று ஓர் ஆங்கிலேயருடையது. 1659இல் பாய்மரம் பழுதுபார்க்கத் திருகோணமலையை அடுத்த கொட்டியாரக் குடாவுக்கு வந்த ‘ஆன்’ என்ற கப்பலின் தலைவர் றொபேட் நொக்ஸும் அதே பெயருடைய மகனும் கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்டு உள்நாட்டுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். தந்தை காய்ச்சலிலும் மனச்சோர்விலும் கிடந்து 1661இல் இறந்தார். மகனுக்கும் அப்போது காய்ச்சல். உடலை அடக்கம்செய்ய உதவி கேட்டபோது, கழுத்தில் கட்டிக் காட்டுக்குள் இழுத்துப்போட மாட்டுக்கயிறு ஒன்றைத்தான் ஊரார் கொடுத்தனுப்பினார்கள் என்று மகன் 1681இல் வெளியிட்ட தன் நூலில் எழுதுகிறார். பகைநாட்டில், மருந்தில்லாமல், ஒரு மகன் மட்டும் பக்கத்திலிருந்து பார்த்த சாவு அது.

பரியாரி காலம்

ஆங்கில வைத்தியம் பரவுமுன் வீட்டுக்கு வந்தவர் பரியாரியார். யாழ்ப்பாண அரசர் காலத்துச் செகராசசேகரம், பரராசசேகரம் முதலிய வாகடங்களின் வழிவந்த சித்த வைத்தியம் நோய்களைச் சாத்தியம், அசாத்தியம் என்று பிரித்தது. நாடி பார்த்து அசாத்தியம் என்று கண்டால் மருந்தை நிறுத்திவிட்டு வீட்டாரிடம் குறிப்பாகச் சொல்லிவிட்டுப் போவது பரியாரியின் முறை. “பரியாரியும் கைவிட்டிட்டார்” என்ற பேச்சு இன்றும் உண்டு. பயனற்ற மருந்தைத் திணிக்காத அந்த நேர்மை பெரிது. ஆனால் கைவிட்ட பிறகு வலிக்கு என்ன செய்வது என்பதற்கு அந்த முறையில் போதிய ஏற்பாடு இருக்கவில்லை. மீதி வேலை வீட்டுப் பெண்களுடையதாயிற்று. சித்த மருத்துவம் பின்னர் திருகோணமலையிலேயே பல்கலைக்கழகப் பாடமாயிற்று; கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் பட்டப்படிப்பை நடத்துகிறது.

கடைசி நாட்களின் வழக்கங்கள்

சைவ வீட்டில் சிவபுராணம் படிப்பார்கள்; வாயில் பால் பருக்குவார்கள். முஸ்லிம் வீட்டில் யாசீன் ஓதி, கலிமாவைக் காதருகே சொல்லிக்கொடுப்பார்கள். கத்தோலிக்கர் குருவானவரை அழைத்து நோயில் பூசுதல் பெறுவார்கள். சிங்கள பௌத்த வீட்டில் பிரித் ஓதப்படும். நால்வரும் ஒரே வார்ட்டில் அடுத்தடுத்த கட்டில்களில் கிடக்கக்கூடிய மாவட்டம் இது.

வழக்கமும் வைத்தியமும் முட்டுகிற இடம் ஒன்று உண்டு. சேடம் இழுக்கும்போது நோயாளிக்கு விழுங்கும் சக்தி போயிருக்கும். அந்த நேரம் கரண்டியால் பால் விட்டால் அது நுரையீரலுக்குள் இறங்கும். தடை போடும் தாதியை வீட்டார் மன்னிப்பதில்லை. பழகிய தாதியர் தடுப்பதில்லை; பஞ்சைப் பாலில் நனைத்து உதட்டில் தடவச் சொல்கிறார்கள். சேடச் சத்தம் கேட்கிறவர்களை வதைக்குமளவுக்கு மயக்கத்தில் இருப்பவரை வதைப்பதில்லை என்பதே மருத்துவர் கருத்து. ஒருக்களித்துப் படுக்கவைத்தால் சத்தம் குறையும். தேவையானால் சுரப்பைக் குறைக்கும் ஊசி உண்டு. குழாய் விட்டு உறிஞ்சுவது பெரும்பாலும் வேண்டியதில்லை. பசியற்றுப்போன உடம்புக்குக் கஞ்சியை வற்புறுத்துவதும் இப்படியே: சாப்பிடாததால் சாவு வருவதில்லை, சாவு வருவதால் சாப்பாடு இறங்குவதில்லை.

மகரகமவுக்கான பாதை

இலங்கைப் புற்றுநோய்ச் சங்கம் 1948இல் தோன்றியது. கொழும்பை அடுத்த மகரகமவில் அமைந்த புற்றுநோய் வைத்தியசாலை (இன்று அபேக்ஷா) நீண்ட காலம் முழுநாட்டுக்கும் கதியாக இருந்தது. அதே ஊரில் சங்கம் நடத்தும் சாந்த சேவன இல்லம், கடைசிக் காலப் பராமரிப்புக்கென நாட்டில் முதலில் எழுந்தவற்றுள் ஒன்று. திருகோணமலையிலிருந்து கொழும்பு ஏறத்தாழ 260 கிலோமீற்றர். இரவு ரயிலில் போய், காலையில் கிளினிக் வரிசையில் நின்று, மொழி தெரியாத வார்ட்டில் படுப்பதுதான் பலருடைய கதை. “வீட்டுக்குக் கொண்டுபோங்கோ” என்ற சொல்லோடு திரும்பியவர்களுக்கு ஊரில் தொடர்ச்சி இல்லை. இந்த வரலாற்றில் ஆகப் பெரிய குறை அதுவே: திரும்பி வந்த நோயாளியை ஏற்க வீடு இருந்தது, அந்த வீட்டுக்கு வர ஆள் இல்லை.

மாவட்டத்துக்குள்ளும் இதே நிலை. மூதூருக்கும் வெருகலுக்கும் போகும் கரையோரப் பாதையில் துறைக்குத் துறை மிதவைப் படகுக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது. 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் 2009 ஒக்டோபரில்தான் திறக்கப்பட்டது. போர் ஆண்டுகளில் சோதனைச் சாவடியும் ஊரடங்கும் சேர்ந்தன. இரவில் வலி கூடினால் விடியும்வரை பொறுத்திருப்பதைத் தவிர வழியிருக்கவில்லை. போருக்குப் பின், 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறைவரை மக்கள் நடந்து பணம் திரட்டியதன் பயனாகத் தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை எழுந்தது. வடக்கும் கிழக்கும் பெரிதும் மகரகமவையே நம்பியிருந்த நிலை அதன்பின் தளர்ந்தது.

மோர்பீன்

1967இல் சிசிலி சோண்டர்ஸ் லண்டனில் புனித கிறிஸ்டோபர் இல்லத்தைத் திறந்ததும், 1986இல் உலக சுகாதார நிறுவனம் புற்றுநோய் வலிக்கு மூன்று படி முறையை வெளியிட்டதும் வாயால் கொடுக்கும் மோர்பீனை நடுவில் வைத்தன. மருந்து மலிவானது. முறை எளிது: காலை 6, 10, பிற்பகல் 2, மாலை 6, இரவு 10, நள்ளிரவில் எழுப்பாமலிருக்க கடைசி வேளைக்கு இரட்டிப்பு. கூடவே மலமிளக்கி. மணிக்கூட்டைப் பார்த்துக் கொடுக்க வேண்டும், நோயாளி கத்துவதைப் பார்த்தல்ல.

இலங்கையில் மோர்பீன், நஞ்சு, அபின், அபாயகர ஒளடதங்கள் கட்டளைச்சட்டத்தின் (1929) கட்டுக்குள் வருவது. ஊர் மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் பொருளல்ல. இந்தியாவிலும் 1985ஆம் ஆண்டுச் சட்டம் வலிநிவாரணத்தை முடக்கி, 2014 திருத்தத்தின் பின்னரே ஓரளவு இளகியது. சட்டத்தைவிடப் பயம் பெரிய தடை. மோர்பீன் எழுதினாலே சாவுச்சீட்டு என்று வீட்டாரும், உயிரைக் குறைத்துவிடுவோமோ என்று சில வைத்தியர்களும் அஞ்சுகிறார்கள். வலிக்கு ஏற்ற அளவில் படிப்படியாகக் கூட்டப்படும் மோர்பீன் உயிரைக் குறைப்பதில்லை என்பது நிலைபெற்ற மருத்துவ அறிவு. வலியை அடக்கவே கொடுத்த மருந்தின் பக்கவிளைவாக ஆயுள் சற்றுக் குறைந்தாலும் அது கொலையல்ல என்று பாப்பரசர் 12ஆம் பத்திநாதர் 1957இலேயே விளக்கியிருந்தார்.

கேரளமும் இலங்கைக் கொள்கையும்

இந்த வட்டாரத்துக்கு லண்டனைவிடக் கேரளமே பொருத்தமான முன்மாதிரி. 1993இல் கோழிக்கோட்டில் எம்.ஆர். ராஜகோபாலும் சுரேஷ் குமாரும் தொடங்கிய நோய்த்தணிப்புச் சங்கம், மலப்புறத்தில் அயலவர் வலையமைப்பாக விரிந்தது. ஊர்த் தொண்டர்கள் பயிற்சி பெற்று, தாதியோடு வீடுவீடாகப் போனார்கள். 2008இல் கேரள அரசு அதைக் கொள்கையாக்கியது. கடலும் களப்பும் கலப்புச் சமூகமும் உள்ள திருகோணமலைக்கு இது அந்நியமான வழியல்ல. இலங்கையில் நோய்த்தணிப்புப் பராமரிப்புக்கு 2019–2023க்கான தேசிய மூலோபாயச் சட்டகம் வெளியானது. வைத்தியசாலையையும் வீட்டையும் இணைக்கப் பொதுச் சுகாதாரத் தாதிய உத்தியோகத்தர்கள் என்ற ஏற்பாடும் வந்தது. 2022 பொருளாதார நெருக்கடியில் மருந்தும் எரிபொருளும் ஒருசேரத் தட்டுப்பட்டபோது முதலில் அடிபடக்கூடியதும் இத்தகைய வீட்டுச் சேவைதான்.

கொவிட் கால எரிப்பு

2020 ஏப்ரலில் கொவிட் தொற்றால் இறந்தோர் அனைவரையும் எரிக்க வேண்டும் என்று அரசு விதித்தது. அடக்கமும் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் அதற்கு முன்பே கூறியிருந்தது. பிறந்து 20 நாளான முஸ்லிம் குழந்தையொன்றும் அந்த டிசம்பரில் எரிக்கப்பட்டது. கொழும்பு மயான வாயிலில் மக்கள் வெள்ளைத் துணி கட்டி எதிர்த்தனர். 2021 பெப்ரவரியில் விதி மாறி, மார்ச்சில் ஓட்டமாவடியில் அடக்கங்கள் தொடங்கின. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. கிண்ணியா, மூதூர் போன்ற ஊர்களில் இது சாவுக்குப் பிந்திய விவகாரமாக மட்டும் பார்க்கப்படவில்லை. எரித்துவிடுவார்கள் என்ற பயத்தோடு ஒருவர் கண்மூடுவதும் அந்திமகாலத் துன்பமே. மருத்துவ ஆதாரத்தின் பெயரால் நடந்த அறப்பிழை இது.

சட்டம்

மூளைச்சாவை 1987ஆம் ஆண்டின் மனித இழைய மாற்றுச் சட்டம் ஏற்றது. தற்கொலை முயற்சி 1998இல் குற்றமல்லாதாயிற்று; தற்கொலைக்கு உடந்தையாவது குற்றமாகவே நிற்கிறது. கருணைக்கொலைக்கு இடமில்லை. மூளைத்தண்டுக் கட்டியால் இறந்த ஒரு சிறுமியின் தந்தை தொடுத்த ‘பிரியானி சொய்சா எதிர் ஆர்சக்குலரத்ன’ வழக்கில், வைத்தியரின் கவனயீனம் இருந்தபோதும் நோய் எப்படியும் மரணத்தில் முடிந்திருக்கும், எனவே அது மரணத்தை விளைவிக்கவில்லை என்று உயர் நீதிமன்றம் 2001இல் இழப்பீட்டை மறுத்தது. தர்க்கம் சரி. ஆனால் தீராத நோயாளிக்கும் சரியான நோயறிதலும் உண்மையும் உரியவை அல்லவா என்ற கேள்வி அதில் அடங்காமல் நிற்கிறது.

இந்திய உச்ச நீதிமன்றம் 2018இல் வாழும் உயிலை ஏற்று, 2023இல் நடைமுறையை எளிதாக்கியது. இலங்கையில் அதற்கென்று தனிச்சட்டம் இல்லை. நோயாளிக்குத் தெரியாமல் நோயின் பெயரை வைத்தியர் முதலில் வீட்டாருக்கே சொல்வதும், “அவருக்குச் சொல்லாதேங்கோ, தாங்கமாட்டார்” என்று அவர்கள் கெஞ்சுவதும் வழக்கமாக இருக்க, முடிவுகள் வார்ட்டு வாசலில் எடுக்கப்படுகின்றன. புலம்பெயர்வுக்குப் பின் அந்த வாசலுக்குத் தொலைபேசியும் வந்துவிட்டது. டொரொன்டோவிலிருந்தோ டோகாவிலிருந்தோ மகன் “எதையும் விடாமல் செய்யுங்கோ” என்றால் குழாய் போடப்படுகிறது. மாதக்கணக்காகப் பக்கத்திலிருந்து பார்த்த மகளின் “போதும்” என்ற பேச்சு எடுபடுவதில்லை.