தாம்பூலப் பையில் என்ன கொடுக்கலாம்?... பரணுக்குப் போகாத கல்யாணப் பரிசுகள்!

கல்யாண வீட்டு தாம்பூலப் பையில் வெற்றிலை, பாக்கு, மஞ்சள், தேங்காய் வைப்பது வழக்கம். கூடவே தரும் பிளாஸ்டிக் டப்பா பல வீடுகளில் பரணுக்குத்தான் போகிறது. 500 பை என்றால், பைக்கு 20 ரூபாய் கூடினாலே 10,000 ரூபாய் செலவு! வீணாகாமல் இருக்க என்ன செய்யலாம்?

பை: தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் கைப்பைகளுக்குத் தடை. கெட்டியான துணிப்பை எடுங்க. மணமக்கள் பெயரைச் சின்னதாக அச்சடித்தால், காய்கறி வாங்கவும் கொண்டு போவாங்க.

தேங்காய்: ஆட்டிப் பாருங்க. தண்ணீர் சத்தம் கேட்டால் மட்டும் வாங்குங்க.

தின்பண்டம்: பஸ், ரயில் பயணத்தில் நசுங்காத, சீக்கிரம் கெடாத பண்டம் நல்லது. 2020-ல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டி கடலை மிட்டாய் கொடுக்கலாம்.

பட்ஜெட் கம்மியா? நாலு சுமாரான பொருளுக்குப் பதில், உபயோகப்படுற ஒன்று போதும்.