பத்திர எண்ணும் பதிவேற்றிய கோப்பின் பெயரும்

கிணத்துக்கடவு வட்டாரத்தில் ஒரு தென்னந்தோப்போ தக்காளி விளையும் காடோ கைமாறும்போது எழுதப்படும் கிரயப் பத்திரம், வீட்டில் மேக்காட்டுப் பத்திரம் என்றோ பாட்டன் வாங்கிய பத்திரம் என்றோ வழங்கினாலும், சார்பதிவாளர் அலுவலகத்தில் அந்தப் பெயரால் அறியப்படுவதில்லை. 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம், அசையாச் சொத்து ஆவணங்களை 1ஆம் புத்தகத்தில் பதிய வேண்டும் என்றும், ஒவ்வொரு புத்தகத்தின் பதிவுகளும் ஆண்டின் தொடக்கத்தில் தொடங்கி ஆண்டோடு முடியும் தொடர் எண்களைப் பெற வேண்டும் என்றும் விதித்தது. ஆவணத்தைக் கொண்டுவருபவர் என்ன சொன்னாலும் அதற்குரிய எண்ணை அலுவலகமே இடும். எழுதிக் கொடுத்தவர், வாங்கியவர் பெயர்களை ஓர் அட்டவணையிலும் சொத்து விவரங்களை மற்றோர் அட்டவணையிலும் தனித்தனியே குறித்துவைக்கும். வில்லங்கம் பார்க்க வருபவர் பத்திர எண்ணை அறியாவிட்டாலும் புல எண்ணைக் கொண்டு அதைத் தேடிக் கண்டுபிடிக்க முடிவது இந்தப் பிரிவினையால்தான்.

காகிதத்தில் நிலைபெற்றிருந்த இந்தத் தெளிவு, கணினி வலைத்தளங்களில் நெடுங்காலம் இல்லாமற்போனது. உலாவியிலுள்ள படிவத்தின் வழியே கோப்பை அனுப்பும் முறையை ஜெராக்ஸ் நிறுவனத்தின் நெபெல், மாசின்டர் ஆகிய இருவரும் 1995 நவம்பரில் வரையறுத்தபோது, அனுப்புபவரின் கணினியில் கோப்புக்கு இருந்த பெயரும் கோப்போடு சேர்ந்து செல்ல வழிவகுத்தனர். அப்பெயரை அப்படியே ஏற்றுச் சேமித்த செயலிகளில், ஒரே பெயருடைய இரண்டாம் கோப்பு முதற்கோப்பை அழித்தது. இரு புள்ளிகளையும் ஒரு சாய்கோட்டையும் பெயருக்குள் வைத்து, மேலுள்ள கோப்புறைக்குத் தாவித் தளத்தின் நிரலையே மாற்றிவிடும் தாக்குதலுக்கும் அது கதவு திறந்தது.

இதற்குக் கண்ட மருந்து தமிழுக்கு நோயாயிற்று. ஐயத்துக்குரிய குறிகளை விலக்குவதாகச் சொல்லி, ஆங்கில எழுத்து, எண், புள்ளி, கோடு தவிர மற்ற அனைத்தையும் நீக்கும் வழக்கம் நிரலாளர்களிடையே பரவியது. பைத்தான் மொழியில் வலைச்செயலி எழுதுவோர் பலரும் பயன்படுத்தும் வெர்க்சாய்க் நூலகத்தின் பெயர்த்தூய்மைச் செயற்கூறிடம் ‘பட்டா.pdf’ என முற்பகுதி தமிழிலும் பின்னொட்டு ஆங்கில எழுத்திலும் அமைந்த பெயரைக் கொடுத்தால், பின்னொட்டு மட்டுமே எஞ்சும். எழுத்துகளை மட்டும் ஏற்போம் என்று சற்றே பரிவோடு எழுதப்பட்ட விதிகளும் உயிர்க்குறிகளையும் மெய்யெழுத்தின் புள்ளியையும் எழுத்தாகக் கொள்ளாமையால், கிணத்துக்கடவு என்பது ‘கணததககடவ’ ஆகிவிடும். ஒரு மொழியின் எழுத்துமுறையை அறியாமல் எழுதிய விதி அம்மொழியாரின் ஆவணங்களைப் பெயரற்றவையாக்குவது சிறிய பிழை அன்று.

அடுத்த சிக்கல் கண்ணுக்கே தெரியாதது. யூனிகோடில் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். எகரக் கொம்பு, கால் என்னும் இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். ஆப்பிள் நிறுவனத்தின் பழைய எச்.எஃப்.எஸ். பிளஸ் கோப்புமுறை பிரித்தே சேமித்ததால், அங்கிருந்து வந்த ‘பொள்ளாச்சி’யும் வேறு கணினியில் தட்டிய ‘பொள்ளாச்சி’யும் திரையில் ஒன்றாகத் தெரிந்தும் சேவையகத்துக்கு இரு வேறு பெயர்களாயின. இவ்விரு வடிவங்களையும் ஒன்றாக்கும் நடைமுறை இயல்பாக்கம் எனப்படும். நீளமும் இடர் தந்தது: எட்டெழுத்துடைய கிணத்துக்கடவு யூனிகோடில் 13 குறியீடுகளாகி, யுடிஎஃப்-8 முறையில் 39 பைட்டுகளை எடுக்கிறது, லினக்ஸ் கோப்புமுறைகள் பொதுவாக ஒரு பெயருக்கு ஒதுக்கும் இடமோ 255 பைட்டுகள்தான்.

யூனிகோடுக்கு முந்தைய கோப்புப் பெயர்களின் சிக்கல் வேறு. கோவையில் செம்மொழி மாநாடு நடந்த 2010இல் தமிழக அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றது. அதற்கு முன் 1999 முதல் புழங்கிய டாப், டாம் குறியேற்றங்களில் தமிழ் எழுத்துகள் ஐரோப்பிய மொழிகளின் எழுத்துகளுக்குரிய இடங்களில் அமர்ந்திருந்தமையால், உரிய எழுத்துரு இல்லாத கணினியில் கோப்புப் பெயர் வெறும் குறிக்கூட்டமாகவே தெரிந்தது.

பெயரைத் திருத்துவதை விடுத்து, சேமிப்புக்குத் தானே ஓர் அடையாளக் குறியை இட்டு, அனுப்பியவர் வைத்த பெயரை இயல்பாக்கித் தரவுத்தளத்தின் தனிப் பத்தியில் காக்கும் முறையை இன்று கவனமுள்ள செயலிகள் கைக்கொள்கின்றன. சார்பதிவாளர் அலுவலகத்தின் எண்ணும் அட்டவணையும் செய்துவந்த வேலை இதுவே. கோப்பைத் திரும்பப் பதிவிறக்கும்போது தமிழ்ப் பெயரை யுடிஎஃப்-8 வடிவில் உலாவிக்குச் சொல்லும் வழியை 2011இல் வெளியான 6266ஆம் எண் இணையத் தர ஆவணம் உறுதிசெய்தது.