டிரைவர் சரியில்லை என்றால் வண்டியைக் குறை சொல்லலாமா?



பதிவு கொஞ்சம் நீளம். வகுப்பில் நாற்பத்தைந்து நிமிடம் என்னைத் தாங்கியவர்கள்தானே, இதையும் தாங்கிக்கொள்வீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். தயவுசெய்து கடைசி வரை படியுங்கள். நான் சொல்ல வேண்டிய விஷயம் கடைசியில்தான் இருக்கிறது.

மகள் வயிற்றுப் பேரன் ஆம்பூரிலிருந்து லீவுக்கு வந்தான். துணிப்பையைவிடப் பெரிதாக ஓர் அட்டைப்பெட்டி கூடவே வந்தது. உள்ளே அவனுடைய கேமிங் கம்ப்யூட்டர். மருமகன் ஷூ கம்பெனியில் வேலை பார்க்கிறார். போனஸ் பணத்தோடு கொஞ்சம் கடனும் சேர்த்து வாங்கிக் கொடுத்தது. அது இப்போது மக்கர் செய்கிறது. விளையாட்டின் நடுவில் திரை கறுத்துவிடும். சத்தம் மட்டும் கேட்கும். அணைத்துப் போட்டால் எழுத்தெல்லாம் பூசணிக்காய் சைஸுக்குத் தெரியும். கடையில் காட்டியதற்கு, "கார்டு போயிடுச்சு, புதுசுதான் போடணும்" என்று சொல்லி, மொத்த கம்ப்யூட்டர் விலையில் கிட்டத்தட்டப் பாதியைக் கேட்டார்களாம். "ராத்திரி பகலா ஆடினா எரியாம என்ன செய்யும்?" என்று வீட்டில் ஒரே திட்டு. அதனால்தான் பெட்டியோடு தாத்தா வீட்டில் தஞ்சம்.

"நான் ஒண்ணுமே பண்ணல தாத்தா" என்றான்.

அந்த ஒரு வாக்கியம் என்னை இருபது வருஷத்துக்கு மேல் பின்னால் இழுத்துக்கொண்டு போய்விட்டது. அதற்குப் பிறகு வருகிறேன். நான் வரலாற்று வாத்தியார். எதையும் முதலிலிருந்து ஆரம்பித்தால்தான் எனக்கே புரியும்.

நம் ஊர்க்காரர்களுக்கு டிரைவர் என்றால் அரக்கோணம் பஸ்ஸை ஓட்டுகிறவர். கம்ப்யூட்டரில் டிரைவர் என்பது ஒரு மென்பொருள். விண்டோஸ் சொல்வதை கிராபிக்ஸ் கார்டுக்குப் புரியும்படி எடுத்துச் சொல்வது அதன் வேலை. ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கத்து ஷூ கம்பெனிகளில் வேலை பார்க்கிறவர்களுக்கு இது சட்டென்று புரியும். ஆர்டர் கொடுக்கும் பையர் ஐரோப்பாவில் இருப்பார். தைக்கிறவர்கள் இங்கே லைனில் இருப்பார்கள். நடுவில் மெர்ச்சண்டைசர். பையர் அளவை மாற்றிய பிறகும் மெர்ச்சண்டைசர் கையில் பழைய தாளே இருந்தால் என்ன ஆகும்? தோலிலும் குறையில்லை, தைத்த கையிலும் குறையில்லை. ஆனாலும் ஷூ திரும்பி வரும். திட்டு லைனில் இருப்பவர்களுக்குத்தான் விழும்.

இந்த நடு ஆள் ஆரம்பத்தில் கிடையாது. 1981 ஆகஸ்டில் ஐ.பி.எம். தன் பி.சி.யை வெளியிட்டபோது அதற்கு இரண்டு விதமான திரை கார்டுகள் இருந்தன. ஒன்று எழுத்துக்கு மட்டும். இன்னொன்று சி.ஜி.ஏ. என்ற கலர் கார்டு. படம் வரைய ஒரே நேரத்தில் நாலு கலர்தான் கிடைக்கும். 1987-ல் வந்த வி.ஜி.ஏ. 640-க்கு 480 புள்ளிகளில் 16 கலர் காட்டியது. இந்த இரண்டு எண்களையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். அந்த டாஸ் காலத்தில் விளையாட்டு எழுதுகிறவர் கார்டோடு நேராகவே பேசினார். பத்துக் கம்பெனி பத்து விதமாகக் கார்டு செய்தால், பத்துக்கும் தனித்தனியாக அவரே எழுத வேண்டும்.

நம் மொழியைத் திரையில் கொண்டுவருவதும் அப்போது இதே கஷ்டம்தான். எழுத்து வடிவங்கள் கார்டுக்குள்ளேயே பதிந்திருந்தன, அதில் ஆங்கிலம்தான் இருந்தது. கான்பூர் ஐ.ஐ.டி.யில் தொடங்கிய ஆராய்ச்சி, 1988-ல் ஆரம்பிக்கப்பட்ட சி-டாக் என்ற மத்திய அரசு நிறுவனத்தில் ஜிஸ்ட் கார்டாக வடிவம் எடுத்தது. கம்ப்யூட்டருக்குள் அந்த அட்டையைச் செருகினால், ஆங்கிலம் மட்டுமே தெரிந்த டாஸ் திரையில் தமிழும் இந்தியும் தெரிந்தன. கணக்குப் பார்த்தால், விளையாட்டுக்காக இன்றைய பிள்ளைகள் படும் பாட்டை, எழுத்துக்காக அன்று நம்மவர்கள் பட்டிருக்கிறார்கள்.

அடுத்து 1994 கிறிஸ்துமஸ். சிங்க ராஜா படத்தை வைத்து டிஸ்னி கம்பெனி குழந்தைகளுக்காக ஒரு கதை விளையாட்டு வெளியிட்டது. அமெரிக்காவில் ஏகப்பட்ட வீடுகளில் அதைப் பரிசாக வாங்கி வைத்திருந்தார்கள். குழந்தைகள் பிரித்துப் போட்டால் பல கம்ப்யூட்டர்கள் நின்றுபோயின. அந்த விளையாட்டு நம்பியிருந்த மைக்ரோசாஃப்ட் மென்பொருளுக்கும், அந்தச் சமயம் புதிதாக விற்ற காம்பேக் பிரசாரியோ கம்ப்யூட்டர்களின் திரை டிரைவருக்கும் ஒத்துப்போகவில்லை. யாரும் இரண்டையும் சேர்த்துச் சோதித்துப் பார்த்திருக்கவில்லை. அழுத குழந்தைகள் ஒன்றும் செய்யவில்லை, சி.டி.யை உள்ளே போட்டார்கள், அவ்வளவுதான்.

இந்த மாதிரி அடிகளுக்குப் பிறகுதான் 1995-ல் மைக்ரோசாஃப்ட் டைரக்ட்எக்ஸ் என்ற பொது ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. விளையாட்டு எழுதுகிறவர் அதனோடு பேசினால் போதும். கார்டு செய்கிறவர் அதற்கேற்ற டிரைவரைக் கொடுத்தால் போதும். விளையாட்டுக்காரரின் பாரம் குறைந்தது. ஆனால் பாரம் எங்கும் காணாமல் போகாது, தோள்தான் மாறும். எல்லாம் டிரைவர் தலையில் வந்து இறங்கியது. 1999-ல் என்விடியா தன் ஜிஃபோர்ஸ் 256-ஐ ஜி.பி.யு. என்ற பெயர் சூட்டி விற்றது. அதன் பிறகு கார்டுகள் வளர வளர டிரைவர்களும் பூதாகாரமாக வளர்ந்தன.

விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் திரை டிரைவர் தடுக்கி விழுந்தால் கம்ப்யூட்டரே விழும். நீலத் திரையை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். 2007-ல் வந்த விஸ்டாவில் ஏற்பாட்டை மாற்றினார்கள். கார்டு இரண்டு விநாடி பதில் சொல்லாவிட்டால், விண்டோஸே அதை உலுக்கி மறுபடி எழுப்பும். திரை ஒரு நொடி கறுத்து, "டிஸ்ப்ளே டிரைவர் நின்றுவிட்டது, மீண்டுவிட்டது" என்று செய்தி வருவது அதனால்தான். ஆனால் புது ஏற்பாட்டுக்கு டிரைவர்கள் தயாராக இல்லை. பிறகு நடந்த ஒரு வழக்கில் மைக்ரோசாஃப்டின் உள் ஆவணங்கள் வெளியே வந்தன. அதில் இருந்த 2007-ஆம் ஆண்டுக் கணக்கின்படி, பதிவான விஸ்டா முடக்கங்களில் 28.8 சதவீதம் என்விடியா டிரைவர்களால் வந்தவை. அதாவது நூறு பேர் கம்ப்யூட்டர் கெட்டுவிட்டது என்று தலையில் கைவைத்தால், அதில் இருபத்தெட்டு பேருக்கும் மேல் இந்த ஒரு நடு ஆள்தான் காரணம்.

பெரிய கம்பெனி வெளியிட்டது தப்பாக இருக்குமா என்று கேட்காதீர்கள். 2010 மார்ச்சில் 196.75 என்ற டிரைவரை என்விடியா திரும்பப் பெற்றது. கார்டின் விசிறி சரியாகச் சுற்றாமல் சூடேறுகிறது என்று புகார் வந்தது. 2025 தொடக்கத்தில் புது வரிசை கார்டுகளோடு வந்த டிரைவர்களில் திரை கறுக்கிறது என்ற புகார் உலகம் முழுக்க எழுந்து, திருத்தத்துக்கு மேல் திருத்தம் வந்தது. புதியது எல்லாம் நல்லது என்றும் இல்லை, பழையது எல்லாம் கெட்டது என்றும் இல்லை.

2011-க்குப் பிறகு படித்த என் மாணவர்களுக்கு இது சொந்த அனுபவம். அந்த வருஷம் செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளில் தொடங்கிய அரசு இலவச லேப்டாப் உங்கள் கைக்கு வந்தது. அதில் விண்டோஸோடு, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. நீங்கள் என்ன செய்தீர்கள்? யாரோ அண்ணனிடம் கொடுத்து எல்லாவற்றையும் அழித்து வேறு விண்டோஸ் போட்டுக்கொண்டு, "சார், ஸ்கிரீன் பெரிசா தெரியுது, வீடியோ திக்கித் திக்கி ஓடுது" என்று வந்து நின்றீர்கள். லேப்டாப்பில் ஒரு கோளாறும் இருக்காது. திரை டிரைவரை மட்டும் போட்டிருக்கமாட்டார்கள். பென் டிரைவில் அதை எடுத்துவந்து போட்டால் பத்து நிமிஷத்தில் சரி.

சரி, பேரன் கம்ப்யூட்டருக்கு வருவோம். பெங்களூரில் இருக்கும் நம் பழைய மாணவர் ஒருவர் போனில் வழி சொன்னார். நானும் பேரனும் கீழே பாய் போட்டு உட்கார்ந்தோம்.

முதல் கேள்வி, கார்டு உண்மையிலேயே எரிந்ததா? ஆன் செய்ததும் விண்டோஸ் வருவதற்கு முன்னால் தெரியும் கம்பெனி சின்னம் சுத்தமாக இருந்தது. கோடுகளோ கலர் புள்ளிகளோ அங்கேயே தெரிந்தால் கார்டின் மேல் சந்தேகப்படலாம், அப்படி இல்லை. பிறகு சேஃப் மோடில் போட்டோம். அதில் கார்டின் சொந்த டிரைவர் ஓடாது, விண்டோஸின் சாதாரண டிரைவர்தான் ஓடும். ஒரு மணி நேரம் விட்டுப் பார்த்தோம். அசையாமல் நின்றது. விளையாட்டின் பளு அதில் இல்லை என்பதால் இதை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனாலும் சந்தேகம் திசை மாறியது.

இரண்டாவது கேள்வி, எப்போது ஆரம்பித்தது? இதுதான் வரலாற்றுக்காரன் கேள்வி. விண்டோஸில் ரிலையபிலிட்டி மானிட்டர் என்று ஒன்று இருக்கிறது. எந்த நாளில் என்ன மென்பொருள் ஏறியது, எந்த நாளில் எது விழுந்தது என்று நாள்வாரியாகக் காட்டும். கல்வெட்டு மாதிரிதான். ஒரு புதன்கிழமை வரை ஒரு சிவப்புக் குறிகூட இல்லை. அன்று தானியங்கி அப்டேட்டில் புது டிரைவர் ஏறியிருக்கிறது. அன்று இரவிலிருந்து தினமும் சிவப்பு. பையன் அதற்கு முன்னாலும் ராத்திரி பகலாக ஆடியவன்தான்!

மூன்றாவது, ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். நாலை ஒன்றாக மாற்றினால், சரியானாலும் எதனால் என்று தெரியாது. டிவைஸ் மேனேஜரில் பழைய டிரைவருக்குத் திரும்பும் பொத்தான் வேலை செய்யவில்லை. அதனால் இணையத்தைத் துண்டித்தோம்; இல்லாவிட்டால் விண்டோஸ் தானாகவே ஏதாவது ஒரு டிரைவரை இழுத்துப் போட்டுக்கொள்ளும். சேஃப் மோடில் டி.டி.யு. என்ற இலவச மென்பொருளால் டிரைவரை அடியோடு துடைத்தோம். முன்பே பென் டிரைவில் இறக்கி வைத்திருந்த பழைய பதிப்பைப் போட்டோம். டிரைவரைத் தானாக மாற்றும் ஏற்பாட்டையும் நிறுத்தினோம்.

அன்று இரவு பத்து மணி வரை விளையாடச் சொல்லி நானே பக்கத்தில் உட்கார்ந்தேன். கறுக்கவில்லை. ஒரு வாரமாகியும் கறுக்கவில்லை. செலவு பூஜ்யம். இதற்குப் பிறகும் கறுத்திருந்தால் பவர் கேபிள், சப்ளை, தூசி, சூடு என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, கடைசியில் வேறொரு கம்ப்யூட்டரில் கார்டைப் போட்டுப் பார்த்திருப்போம். புதுசு வாங்குவது அதற்கும் பிறகு.

மருமகனுக்குப் போன் போட்டுச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. "அவன்கிட்ட குடுங்க மாமா" என்றார். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. பையன் மாடியில் போய் நின்று பேசிவிட்டு வந்தான்.

இப்போது அந்த இருபது வருஷத்துக்கு முந்தைய கதை. விண்டோஸ் 98 காலம். ஆள் இல்லாததால் வரலாற்று வாத்தியாரான என்னிடம் லேப் சாவியைக் கொடுத்திருந்தார்கள். ஒருநாள் காலை ஒரு கம்ப்யூட்டரின் திரை கலர் மங்கி, படங்கள் எல்லாம் ஊதிப்போய் இருந்தது. முந்தைய நாள் மதியம் அதில் ஒரு பையன் சாப்பாட்டு நேரத்தில் கேம் ஆடியதைப் பார்த்திருந்தேன். அவனை எல்லார் முன்னாலும் நிற்கவைத்தேன். "நான் ஒண்ணுமே பண்ணல சார். பீரோல இருக்கிற சி.டி. போட்டா சரியாயிடும் சார்" என்றான். கேம் சி.டி. கேட்கிறான் என்று நினைத்து இன்னும் கோபம். அந்த வருஷம் முழுக்க லேப் பக்கம் வரக்கூடாது என்று சொல்லிவிட்டேன்.

நாலைந்து மாதம் கழித்து சர்வீஸ் ஆள் வந்தார். முதல் நாள் சாயங்காலம் யாரோ விண்டோஸை மறுபடி ஏற்றியிருக்கிறார்கள், டிரைவர் போடவில்லை என்றார். 640-க்கு 480, 16 கலர். பீரோவைத் திறந்து அதே சி.டி.யை எடுத்துப் போட்டார். நான் டீ குடித்து முடிப்பதற்குள் கலர் வந்துவிட்டது.

அன்று நான் அந்தப் பையனைக் கூப்பிட்டிருக்க வேண்டும். அதே வகுப்பில், அதே பிள்ளைகள் முன்னால். கூப்பிடவில்லை. வாத்தியார் மரியாதை போய்விடும் என்று நினைத்தேன். தண்டனையைக்கூட நான் வாயைத் திறந்து நீக்கவில்லை. அவன் அந்த வருஷம் மட்டுமில்லை, அடுத்த வருஷமும் லேப் வாசலை மிதிக்கவில்லை. அந்த வயசில் டிரைவர் சி.டி. எது என்று தெரிந்த ஒரே பையன் அவன்தான். எனக்கே தெரியாது.

அவன் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அவனோடு படித்தவர்களுக்கு யார் என்று தெரியும். எங்கே இருக்கிறான் என்று தெரிந்தவர்கள் இதை அவனிடம் சேர்த்துவிடுங்கள்.

தம்பி, நீ சொன்னதுதான் சரி. நீ ஒன்றும் செய்யவில்லை. மன்னித்துக்கொள்.

நெமிலி பக்கம் வந்தால் வீட்டுக்கு வா. இப்போதும் அதே வீடுதான்.

அன்புடன்,
உங்கள் வரலாறு சார்