நிவாக் கரையில் நடந்த நட்பு

வெள்ளாற்றுக்கு நிவா என்பது பழம்பெயர். சுந்தரமூர்த்தி சுவாமிகளின் திருநெல்வாயில் அரத்துறைப் பதிகத்தில் அப்பெயர் இன்றும் ஒலிக்கின்றது. சேத்தியாத்தோப்பு அணைக்கட்டில் தேங்கி வயல்களுக்குப் பாயும் இவ்வாற்றைக் கண்டு கைகூப்பும் அன்பர்கள், 7ஆம் நூற்றாண்டில் இதன் கரைத் தலங்களை நாடி, தங்கித் தங்கி நடந்த இரு நண்பர்களை நினைவு கூர்தல் தகும். ஒருவர் சீகாழிப் பிள்ளையாராகிய திருஞானசம்பந்தர். மற்றவர் திருநீலகண்ட யாழ்ப்பாணர்.

யாழ்ப்பாணர் திருவெருக்கத்தம்புலியூரில் தோன்றியவர். வெள்ளெருக்கைத் தல விருட்சமாகக் கொண்ட அவ்வூர் இன்று இராசேந்திரபட்டினம் எனப்படுகின்றது. பாணர் குலத்தவராதலின் அவர் ஆலயத்தின் புறத்தே நின்றே யாழ் வாசித்தார். மதுரையிலோ, அவரை உள்ளே அழைத்துவருமாறு இறைவன் அடியார்களின் கனவில் பணித்தான். ஈரத்தால் யாழின் நரம்பு நெகிழாதவாறு பொற்பலகையும் இடச் செய்தான். திருவாரூரில் வடதிசையில் அவருக்கெனத் தனி வாயில் வகுத்தருளினான். இவற்றைச் சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்தில் விரித்துரைக்கின்றார்.

பிள்ளையாரின் புகழ் கேட்டுப் பாணர் தம் மனைவியார் மதங்கசூளாமணியாருடன் சீகாழிக்கு வந்தார். பிள்ளையாரின் திருப்பதிகங்களை யாழில் இட்டு வாசித்து, என்றும் உடனிருக்கும் வரம் வேண்டினார், அது கிடைத்தது. வயதால் ஒருவர் பாலர், மற்றவர் பெரியவர். பிறந்த குலமும் வேறு. எனினும் பாட்டும் பண்ணும் போல இருவரும் இணைந்தனர்.

இருவரும் தில்லைக் கூத்தனைத் தொழுதபின், நிவாக் கரையிலுள்ள தலங்களையும் தம் ஊரையும் வணங்கவேண்டும் என்று பாணர் விண்ணப்பித்தார். பிள்ளையார் மகிழ்ந்து மேற்கு நோக்கிப் புறப்பட்டார். ஆகவே, பின்னர் முத்துச் சிவிகையால் புகழ் பெற்ற இந்த யாத்திரை, ஒரு நண்பரின் ஊரைக் காணும் விருப்பத்திலேயே தொடங்கிற்று.

திருவெருக்கத்தம்புலியூரை அணுகியதும் இதுவே தம் ஊர் என்று பாணர் தெரிவித்தார். அப்போது பிள்ளையார் அவரை “ஐயர்” என்று விளித்து, அவர் அவதரிக்க இப்பதி அளவற்ற தவம் செய்ததென்று போற்றினார் எனச் சேக்கிழார் பாடுகின்றார். புறத்தே நின்றவரை இறைவன் உள்ளே அழைத்தான். இறைவனின் பிள்ளையோ அவரைப் பெற்ற மண்ணையே புண்ணிய பூமி என்றார். சென்னை மாகாணத்தில் எல்லா இந்துக்களும் ஆலயம் புக உரிமை தந்த சட்டம் 1947இல் வந்தது. அந்தச் சொல்லின் உயரத்தை எட்ட நாடு எத்தனை நூற்றாண்டுகள் நடக்கவேண்டியிருந்தது என்பதை இதனால் உணரலாம்.

அங்கிருந்து திருமுதுகுன்றம், அதன்பின் பெண்ணாகடத்துத் திருத்தூங்கானைமாடம் என யாத்திரை தொடர்ந்தது. அதுவரை தந்தையார் சிவபாதவிருதயர் தோளில் அமர்ந்து சென்ற பிள்ளையார், அரத்துறை நோக்கிச் செல்லுங்கால் தோளில் ஏற இசையாது, தம் திருவடி நோவ நடந்தே மாறன்பாடியை அடைந்து இரவில் தங்கினார். அன்றிரவே அரத்துறை இறைவன் அவ்வூர் மக்களின் கனவில் தோன்றி, முத்துச் சிவிகையும் குடையும் சின்னமும் பிள்ளையாருக்கு அளிக்குமாறு பணித்தருளினான். நடந்து வருந்திய பாதங்களுக்கு அவன் காட்டிய கருணை அது. அத்தலம் இன்று திருவட்டத்துறை என வழங்குகின்றது.

சிவிகை வந்த பின்னரும் நட்பு குன்றவில்லை. திருச்சாத்தமங்கையில் திருநீலநக்க நாயனார், பிள்ளையாரின் ஆணைப்படி, தம் இல்லத்தின் வேள்வி வேதிகை அருகே பாணருக்கு இடம் தந்தார். வேள்வித் தீ வலஞ்சுழித்து ஓங்கிற்று. திருத்தருமபுரத்தில், யாழில் அடங்காத பதிகம் கேட்டுத் தம் யாழை முறிக்க ஓங்கிய பாணரைப் பிள்ளையார் தடுத்து, இயன்ற அளவில் வாசிக்குமாறு தேற்றினார். முடிவில் நல்லூர்ப் பெருமணத்துச் சோதியிலும் இருவரும் ஒன்றாகவே கலந்தனர்.

நட்பின் பயன் அவர்களோடு முடியவில்லை. சோழர் காலத்தில் திருநாரையூர் நம்பியாண்டார் நம்பி திருமுறைகளைத் தேடித் தொகுத்தபோது, பண்கள் மறைந்திருந்தன. அவற்றை மீண்டும் வகுத்தளித்தவர், எருக்கத்தம்புலியூரில் பாணர் மரபில் வந்த ஒரு பெண்மணி என்று திருமுறைகண்ட புராணம் கூறுகின்றது. அன்று பிள்ளையார் புகழ்ந்த ஊரே அவர் பாடலுக்குப் பண்ணைக் காத்துத் தந்தது.

சிதம்பரத்திலிருந்து விருத்தாசலம் ஏறத்தாழ 45 கிலோமீட்டர். சேத்தியாத்தோப்பு வழியாக இன்று பேருந்து விரைவாகச் சென்றுவிடுகின்றது. எனினும் திருப்பணிக்குப் பொருள் ஈந்தோரும், உடலுழைப்பு ஈந்தோரும், ஒருமுறையேனும் நண்பர் ஒருவருடன் இத்தலங்களைப் படிப்படியாக நடந்து தொழுவார்களாக! குடமுழுக்கு நீர் ஏழை, செல்வர் என்று பாராமல் அனைவர் தலையிலும் தெளிக்கப்படுவது போல, அந்நடையும் உள்ளத்து வேற்றுமைகளைக் கழுவும். அத்தகைய நட்பு இவ்வாற்றங்கரையில் என்றும் தழைக்க எல்லாம் வல்ல இறைவன் திருவருள் புரிக!